தாரணிக்கு ஒரு டூட்டி சார்ட்

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று மதியம் தாரணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அடுத்த ஷிப்ட்காரன் படித்தாலும் புரியும்படி எழுதுவது எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். திண்டுக்கல் பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. ஆகவே இதையும் அப்படியே எழுதுகிறேன். தாரணி என் தங்கை ஜெயக்கொடியின் ஒரே மகள். பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். அவள் அப்பா சோலைராஜ் வெங்காய மண்டியில் கணக்குப் பார்க்கிறார். போன புதன்கிழமை அன்றைக்கு நடந்தது நடந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

ஆட்டோவில் மாப்பிள்ளை அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. "அப்பா, வலிக்குது" என்றாள். விட்டுவிட்டுத் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார்.

முதல் சில வாரம் தனியாக விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வீட்டில் எதெல்லாம் இருக்கக்கூடாது என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டேன்.

அக்கம்பக்கத்தில் 'ஃபுட் பாய்சன்' என்று சொல்லியிருக்கிறோம். அது என் யோசனை. இப்போது காலேஜ் வாசலில் பானிபூரி விற்கிறவரைத் தெருவே திட்டுகிறது. அவர் பாவம் என்ன செய்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஏழு மணிக்குப் போனேன். மாப்பிள்ளை குளியலறைக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது. உள்ளே பிள்ளை குளிக்க, வெளியே ஜெயக்கொடி கதவு திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்துத் தெருமுனை வரை வாசம்.

இருவரும் தூங்கவில்லை. ஒருவர் விழித்தால் ஒருவர் தூங்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. இரண்டு பேரும் விழித்து, இரண்டு பேரும் களைத்து, இரண்டு பேரும் தாரணியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி இந்திராணி ரசமும் அப்பளமும் கொடுத்தனுப்பினாள். தாரணி அப்பளம் மட்டும் சாப்பிட்டாள்.

என் போனில் போன வாரத்துக் கால் பட்டியலை அழிக்க வேண்டும். எப்படி என்று இந்திராணிக்குத் தெரியும். கேட்டால் ஏன் என்பாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கி நாற்காலியிலிருந்து விழுந்தார். முழங்கை வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டபுள் டூட்டி பார்த்த டிரைவரிடம் மூன்றாவது டூட்டிக்கு நான் வண்டி கொடுக்க மாட்டேன். கெஞ்சினாலும் கொடுக்க மாட்டேன், யூனியன் ஆள் வந்து நின்றாலும் கொடுக்க மாட்டேன். தூங்காத ஆள் கையில் ஸ்டியரிங் இருந்தால் ஐம்பது பேர் உயிர் அந்தரத்தில். அப்படிப்பட்ட நான் இங்கே என் தங்கையும் மாப்பிள்ளையும் ஒன்பது நாளாக டூட்டி இறங்காமல் ஓட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிப்போவிலிருந்து ஒரு சார்ட் படிவம் எடுத்து வந்தேன். காலை ஆறு முதல் இரண்டு ஜெயக்கொடி. இரண்டு முதல் ஐந்து இந்திராணி. ஐந்து முதல் ஒன்பது தங்கப்பாண்டி, அதாவது நான். ராத்திரியை மாப்பிள்ளையும் ஜெயக்கொடியும் ஆளுக்கு நாலரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டூட்டி இல்லாதவர் கட்டாயம் படுக்க வேண்டும்.

பிள்ளை கண்ணில் பட்டாலும் விளங்கக்கூடாது என்று அவள் பெயரை எழுதவில்லை. 'வண்டி' என்று எழுதினேன். வண்டியை ஒப்படைத்தவர் கையெழுத்து, ஏற்றுக்கொண்டவர் கையெழுத்து, வண்டி நிலை, குறிப்பு. நாலு கட்டம். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

"இதெல்லாம் நல்லாவா மச்சான் இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க போய்ப் படுங்க மாப்ள" என்றேன்.

படுத்தவர் எட்டு மணி நேரம் தூங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைத்தானே எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சார்ட் ஓடுகிறது. ஜெயக்கொடி தலை வாரியிருந்தாள். மாப்பிள்ளை சவரம் செய்திருந்தார். குறிப்புக் கட்டத்தில் அவரவர் பாணி. ஜெயக்கொடி: 'இரண்டு இட்லி, மூன்றாவதை வேண்டாமென்றது.' மாப்பிள்ளை: 'அமைதி.' இந்திராணி: 'டிவி பார்த்தோம். ஒரு தடவை சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.'

என் நேரத்தில் தாரணியும் நானும் பேசுவதில்லை. நான் பேப்பர் படிப்பேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைப் பார்ப்பாள்.

கிளம்பும்போது ஜெயக்கொடி வாசல் வரை வந்தாள். "அன்னைக்கு அவ யாருக்காவது போன் பண்ணியிருப்பாளாண்ணே? யார்கிட்டயாச்சும் சொல்லணும்னு நெனச்சிருப்பாளா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்" என்றேன். வண்டியை ஸ்டார்ட் செய்ய நாலு உதை ஆயிற்று.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாப்பிள்ளையின் அக்கா வத்தலக்குண்டிலிருந்து வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் மாதுளை. ஃபுட் பாய்சனுக்குப் பெருங்காயம் நல்லது என்றார். பிறகு சமையல்கட்டுக்குள் போய் ஜெயக்கொடியிடம் குரலைத் தாழ்த்தி, "லவ்வு கிவ்வு ஏதுமா?" என்று கேட்டிருக்கிறார். ஆக, ஃபுட் பாய்சனை நம்பியது பானிபூரிக்காரர் ஒருவர்தான் போலிருக்கிறது. மூன்றரை மணி வண்டிக்கு சீட் போட்டுத் தருகிறேன் என்று அந்தம்மாவை நானே கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு பயணியை இவ்வளவு அக்கறையாக நான் வழியனுப்பியதில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தாரணி சார்ட்டைப் பார்த்துவிட்டாள்.

பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ. இன்று ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போடப் பீரோவைத் திறந்தேன். 'வண்டி நிலை' கட்டத்தில் ஊதா மையில், உருண்டையான கையெழுத்தில், 'வண்டிக்குக் காது கேட்கும்' என்று எழுதியிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"நான் வண்டியா மாமா?"

"இல்லடா. உனக்குத் தெரியக்கூடாதுன்னு..."

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியக்கூடாது. நான் எத்தன இட்லி தின்னேங்கிறது வரைக்கும் எழுதியிருக்கீங்க. அழுதா அதையும் எழுதுவீங்கன்னு நான் பாத்ரூம்ல தண்ணியத் திறந்துவிட்டு அழுறேன். அதாச்சும் தெரியுமா?"

அது எந்தக் குறிப்பிலும் இல்லை. பத்து நாள், நாலு பேர், ஒரு நாளைக்கு ஐந்து கையெழுத்து. அழுதாள் என்பது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"கிழிச்சுப் போட்டுர்றேன்" என்றேன்.

"அப்பா தூங்குறாருல்ல, அதுக்கு வேணும். ஆள் போடுங்க, நான் வேண்டாங்கல. டாக்டரே சொல்லியிருக்காங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க. அவ்வளவுதான்."

இருந்தாலும் கிழித்தேன். வெட்கமாக இருந்தது. நல்லதுதான் செய்கிறோம் என்ற நினைப்பில் ஒரு பிள்ளையைக் கைமாற்றி ஒப்படைக்கும் சாமானாக ஆக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

புது ஏற்பாடு. சார்ட் இல்லை. காலையில் தாரணியே சொல்கிறாள்: "இன்னைக்கு மத்தியானம் அத்தை வரட்டும்." "சாயங்காலம் மாமா வேணாம், அப்பா இருக்கட்டும்." எனக்கு ஆஃப். கொஞ்சம் உறைத்தது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனோம். தாரணியிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்பார் என்று ஜெயக்கொடி எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அவரோ முதலில், "நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். ஜெயக்கொடி அழுத அழுகை வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். மூன்று வாரமாக அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும்தான். தூங்க வைத்தேன், கேட்கவில்லை.

காரணம் என்னவென்று மாப்பிள்ளை கேட்டார். ஒற்றைக் காரணமாக இருக்காது, பல நாளாகச் சேர்ந்தது, தூக்கமின்மையும் மனச்சோர்வும் வியாதிதான், சிகிச்சை உண்டு, நாளாகும் என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளைக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. வண்டி வழியில் நின்றால் நாங்கள் ரிப்போர்ட் எழுதுவோம். அதில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஒரு வார்த்தைக்குத்தான் இடம். டயர், கிளட்ச், டீசல். அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் மனம் ஆறும் என்று நாங்கள் மூவரும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

கடைசியில் ஒன்று சொன்னார். "அவகிட்ட நேரடியாக் கேளுங்க. உயிரை விடணும்னு நெனப்பு வருதான்னு வாய்விட்டுக் கேளுங்க. கேக்குறதால அந்த நெனப்பு வந்துராது. கேக்காம இருந்தாத்தான் அவ தனியா வச்சுக்கிட்டு இருப்பா." வருகிறது என்று சொன்னால் கூடவே இருந்து உடனே தனக்குப் போன் செய்யச் சொல்லி நம்பர் கொடுத்தார்.

அந்த நம்பரை மூவரும் அங்கேயே போனில் ஏற்றிக்கொண்டோம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் போகும்போதே தெருவரை சத்தம். "நீங்க அன்னைக்குக் காலையில போனும் கையுமா இருக்கான்னு அவளைத் திட்டாம இருந்திருந்தா..." என்று ஜெயக்கொடி. "நீ வீட்லயேதான இருந்த? பிள்ள மூஞ்சி உனக்குத் தெரியலயா?" என்று மாப்பிள்ளை. இருபத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "நீங்கதான்", "நீதான்" என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதோடு, இதில் என் பங்கை ஒளித்து வைத்துக்கொண்டு நடுவராக நிற்க என்னால் முடியவில்லை.

போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஆகஸ்ட் 7, மாலை 3.42, தாரணி, பதினோரு வினாடி.

"எனக்குத்தான் பண்ணினா. அன்னைக்கு நத்தம் வண்டி பிரேக்டவுன், கவுண்டர்ல கூட்டம். 'அப்புறம் பேசுறேன்டா'ன்னு வச்சுட்டேன். அப்புறம் பேசல. கேட்டியே ஜெயா, யாருக்காவது பண்ணினாளான்னு. எனக்குத்தான்."

ஜெயக்கொடி போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

தாரணி நேராக என்னிடம் வந்தாள். "அன்னைக்கு நீங்க ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் மாமா. மதுரைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு கேட்டுட்டு வச்சிருப்பேன். எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல அப்போ."

பிறகு மூவரையும் பார்த்துச் சொன்னாள். "யார் குத்தம்னு நீங்க இப்படி அடிச்சுக்கிட்டா, இனிமே நான் எதையும் எப்படிச் சொல்லுவேன்? தலைவலின்னு சொன்னாக்கூட யாராவது ஒருத்தர் நாந்தான் காரணம்னு அழுவீங்க. உங்கள அழ வைக்கவேண்டாம்னே நான் வாய மூடிக்கிட்டு இருக்கணும்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். எங்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

ஜெயக்கொடி போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

செப்டம்பர் 4, புதன்

மதியம் ஒரு மணிக்கு டிப்போவுக்கே வந்துவிட்டாள், கையில் டிபன் கேரியரோடு. கோபம் தீர்க்க வந்தாள் என்று நினைத்தேன். கோபத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை. கத்தரிக்காய்க் குழம்பைத் திறந்து வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு உதவி" என்றாள்.

"சொல்லும்மா."

"டாக்டரம்மா கேக்கச் சொன்னாங்கள்ல. ஆறு நாளா ட்ரை பண்றேன். வாய் வரமாட்டேங்குது. அவ முன்னாடி போய் நின்னா 'காபி வேணுமா'ன்னு கேட்டுட்டு வந்துர்றேன். ஒரு நாளைக்கு எட்டு காபி குடிக்கிறா பாவம். முதல்ல உங்ககிட்ட கேட்டுப் பழகிக்கிறேன்."

சரி என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். "அண்ணே... உங்களுக்கு... உங்களுக்கு உசுர..." அதற்குமேல் முடியவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். நாலாவது தடவை முழுதாக வந்தது. "உங்களுக்கு உசுர விட்டுறணும்னு நெனப்பு வருதாண்ணே?"

பழக்கத்துக்காகத்தானே கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இல்லம்மா" என்றேன். ட்ரிப் ஷீட் வாங்க ஜன்னலுக்கு வெளியே நின்ற கண்டக்டர் அந்தோணி, ஷீட்டை வாங்காமலே போய்விட்டார்.

அவள் போன பிறகு இந்த டைரியைப் புரட்டினேன். முதல் நாளன்று 'அன்றைக்கு நடந்தது' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், பிறகு அதுவும் இல்லை. தங்கைக்கு வாய் வரவில்லை, எனக்குப் பேனா வரவில்லை. எழுதுகிறேன்: ஆகஸ்ட் 7 அன்று தாரணி தற்கொலைக்கு முயன்றாள். அவள் என் தங்கை மகள். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

அந்தோணி டீயும் வடையும் வாங்கி வந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் காசில் நான் டீ குடித்தது இல்லை. "சார், எதுவா இருந்தாலும் மனசுவிட்டுப் பேசுங்க சார். ஒண்டியா வச்சுக்காதீங்க" என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. டூட்டி முடிந்ததும் வீட்டு வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, கண்ணை எடுக்காமல் ஒருவர் கூடவே வந்தால் எப்படி இருக்கும் என்றும் தெரிந்தது. இதமாகவும் இருக்கிறது. ஓடிவிடலாம் போலவும் இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. ஸ்பெஷல் வண்டிகள், கூட்டம், நாள் முழுக்கக் கத்தல். மாலைதான் தங்கை வீட்டுக்குப் போனேன்.

ஜெயக்கொடி கேட்டுவிட்டாளாம். கொழுக்கட்டைக்குப் பூரணம் உருட்டும்போது, தாரணியின் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பூரணத்தைப் பார்த்தபடியே கேட்டிருக்கிறாள். தாரணி தன் கையிலிருந்த கொழுக்கட்டையை மூடி வைத்தாளாம். பிறகு, "இன்னைக்கு இல்லம்மா" என்றாளாம். பிறகு, "நீ கேட்டது நல்லா இருக்கு" என்றாளாம்.

இதை ஜெயக்கொடி என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டேன். கொழுக்கட்டை ஒன்றுகூட உருண்டையாக இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மாப்பிள்ளை இன்று மண்டிக்குப் போனார். விடிகாலை ஐந்து மணிக்குச் செருப்பைப் போட்டவர், வாசலில் இருபது நிமிஷம் நின்றாராம். தாரணிதான், "போங்கப்பா, வெங்காயம் முளைச்சிரும்" என்று அனுப்பினாளாம். பதினோரு மணிக்குள் ஆறு தடவை வீட்டுக்குப் போன். ஒன்பது மணிக்கு எனக்கும் ஒன்று. "மச்சான், நான் இங்க உக்காந்துகிட்டு இருக்கேன், சரிதானா?" என்றார். சரிதான் என்றேன். சரிதானா என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 16, திங்கள்

ஒன்றும் விசேஷமில்லை. தாரணி முடி வெட்டிக்கொண்டாள். ஜெயக்கொடிக்குப் பிடிக்கவில்லை. இருவரும் சண்டை போட்டார்கள், சாதாரணச் சண்டை.

செப்டம்பர் 21, சனி

காலை பத்து மணிக்கு ஜெயக்கொடி போன் செய்தாள். குரல் களைத்திருந்தது, ஆனால் நிதானமாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் நாலரை மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "அம்மா, இன்னைக்கு அந்த நெனப்பு வருது. மத்தியானத்துலேர்ந்து. பயமா இருக்கு, எங்கூடவே இரு" என்று சொல்லியிருக்கிறாள்.

"நீ என்ன செஞ்ச?" என்றேன்.

"ஒண்ணும் செய்யலண்ணே. அழல. ஏன்னு கேக்கல. கையப் புடிச்சுக்கிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். அவங்க அவகிட்டயே பேசினாங்க. இவரு மண்டியிலேர்ந்து வந்தாரு. வந்தவரு ஒரு வார்த்த சொல்லல, அவளுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டாரு. மூணு பேரும் அப்படியே உக்காந்திருந்தோம். எட்டு மணிக்கு தோசை கேட்டா. காலையில முதல் ஆளாக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, இப்பத்தான் வந்தோம். மாத்திரைய மாத்திக் கொடுத்திருக்காங்க. இப்பத் தூங்குறா."

"எனக்கு ஏன் நேத்தே சொல்லல?"

"சொல்லணும்னு தோணலண்ணே. நாங்க மூணு பேரும் இருந்தோம்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நாலரை மணிக்கு நடந்ததை மறுநாள் பத்து மணிக்குச் சொல்கிறாள். சாக்கு மூட்டையைத் தூக்கியவன் நான், ஆள் போட்டவன் நான், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து நாள் கிடந்தவன் நான். இப்படியெல்லாம் ஒரு மணி நேரம் மனசுக்குள் பொருமினேன். பழனி வண்டியைப் பத்து நிமிஷம் தாமதமாக அனுப்பினேன். டிரைவர் முறைத்தார்.

பிறகுதான் மெல்ல விளங்கியது. என்னைக் கூப்பிட அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவள் சொன்னாள், இவர்கள் கேட்டார்கள். அங்கே எனக்கு டூட்டி இல்லை.

பயம் போகவில்லை. அந்த நினைப்பு இன்னும் வருகிறது என்பதும் இன்றுதானே எனக்குத் தெரிந்தது. இனிமேலும் வரும் நாள் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "வாயத் திறந்து சொல்லிட்டால்ல. நல்ல சேதிதானங்க?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னேன்.